மெழுகுக்குப் போன பெற்றோல்

சண்டை நடந்த காலத்தில் எனக்கு இருந்த பயம் ஒரு மாதிரி. சமாதானம் வந்தபோது வந்த பயம் வேறு மாதிரி. சண்டைக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. பிளேன் இரைந்தால் பங்கருக்குள் ஓடு, ஷெல் கூவினால் நிலத்தில் விழு. ஆனால் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தை மாதம் பேச்சுவார்த்தை, போர்நிறுத்தம் என்று அறிவித்த நாளிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. நல்லூர் வீதியில் பெண்கள் ஒளித்து வைத்திருந்த நகைகளை எடுத்துப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். சைக்கிளில் போகிறவர்கள் வானத்தை அண்ணாந்து பார்க்காமல் போனார்கள். நான் மட்டும் இது எந்த நேரம் முறியும் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். வீட்டில் எனக்குப் பட்டப்பெயர் பதகளிப்புக்காரி. சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்கென்ன.

மாசி பிறந்ததும் என் மனிசன் தொடங்கிவிட்டார்.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள். வானை எடுத்துக்கொண்டு வடமராட்சிக் கிழக்குக்குப் போட்டு வருவம். நாகர்கோவில் பக்கம் பூநாரை இறங்கியிருக்காம். அலையும் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் எழும்பும்."

"உங்களுக்கு விசரே? பிள்ளைக்குப் பத்து மாதம்."

"பிள்ளையை ஆர் கொண்டு வரச் சொன்னது? மச்சாள் பாப்பாள்தானே."

என் அக்கா கலியாணம் கட்டாதவள், எங்களோடேயே இருந்தவள். குசினியில் நின்றபடியே, "ஓமோம், நான் பாப்பன், நீ போட்டு வா" என்று குரல் கொடுத்தாள். இரண்டு பேரும் முன்கூட்டியே கதைத்து வைத்திருக்கிறார்கள் என்று விளங்கியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் பிள்ளை போத்தில் எடுக்காது. அதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். பால்மாவும் அந்த நாளில் இலேசில் கிடைக்காதுதான், ஆனால் கிடைத்தாலும் அவள் எடுக்கமாட்டாள். அக்கா மடியில் வைத்துச் சூப்பியை வாயில் வைத்தால் தலையை அந்தப் பக்கம் திருப்பி வீடு இடிய அழுவாள். என் கை பட்டால்தான் ஓய்வாள். ஊரெல்லாம் அதைச் சொல்லி நான் அலுத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு அது பெரிய புளுகம், பெருமை.

பயம் அது மட்டும் இல்லை. நாங்கள் கடற்கரையில் நிற்கும்போது சண்டை தொடங்கினால் வல்லை வெளியோடு பாதை அடைபட்டுப் போகும். வடமராட்சி அந்தப் பக்கம், வலிகாமம் இந்தப் பக்கம். நான் ஒரு பக்கம், என் பிள்ளை ஒரு பக்கம். என்னோடு படிப்பிக்கிற ஒரு ரீச்சர் முன்பொரு முறை அப்படி அகப்பட்டவர். பருத்தித்துறைக்குச் செத்தவீட்டுக்குப் போனவர், வீடு திரும்பிப் பிள்ளைகளின் முகத்தைக் காண ஒரு மாதத்துக்கு மேலே சென்றது. ரீச்சர்மார் அறையில் அவர் அதைச் சொல்லும்போது எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். நான் எழும்பி வெளியே போய்விட்டேன்.

ஆனாலும் கடைசியில் ஓம் என்றேன். ஏனென்றால் அந்த மனிசன் சிரித்து ஐந்து வருசமாகியிருந்தது.

அவர் பொத்துவில் பக்கம் நில அளவைக் கந்தோரில் வேலை பார்த்தவர். அங்கே அலையில் பலகை போட்டு ஓடுவதற்கென்றே வெள்ளைக்காரர் வந்து கிடப்பார்கள். அவர்களைப் பார்த்துப் பார்த்து இவரும் பழகிவிட்டார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர் பெட்டி கட்டியபோது ஒருவன் தன் பலகையை இவருக்கே கொடுத்துவிட்டுப் போனான். ஆளை விட நீளமான, மஞ்சள் நிறப் பலகை. அதை லொறியின் மேல் கட்டி ஊருக்குக் கொண்டுவந்து இறக்கியபோது, மாமனார் வாழைத்தோட்டத்துக்குள் நின்று, "படிச்சவன் என்ன கொண்டு வாறாய் எண்டு பாத்தால் ஒரு பலகைத்துண்டோ?" என்று கேட்டாராம். எங்களுக்குக் கலியாணம் ஆனபிறகு அதன்மேல் மிளகாய் காயப்போட்டோம். தொண்ணூறில் குண்டுவீச்சு மும்முரமானபோது பங்கருக்குள் அதைக் குறுக்கே வைத்து வாங்காக்கினோம். எத்தனையோ தரம் அதில் இருந்துகொண்டு தேவாரம் படித்திருக்கிறேன். அவர் மட்டும் அதில் இருக்கமாட்டார். நிலத்தில் குந்திக்கொண்டு அதைத் தடவிக்கொண்டிருப்பார்.

வான் மாமனாருடையது. நீர்வேலியிலிருந்து சந்தைக்கு வாழைக்குலை ஏற்றிப் போன கிழட்டு வான், இப்போது எங்கள் வளவில் நின்றது. எந்த மூலையில் மூக்கை வைத்தாலும் கனிந்த பழ மணம். அதைக் கிளப்புவதே ஒரு பூசை. பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்ததால் யாழ்ப்பாணத்தில் எல்லா வாகனமும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஆனால் ஆறிக் கிடக்கிற இயந்திரம் வெறும் மண்ணெண்ணெய்க்கு மசியாது. முதலில் காபரேற்றருக்குள் நாலைந்து சொட்டுப் பெற்றோல் விடவேண்டும். பற்றியபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டால் அது தன்பாட்டில் புகைத்துக்கொண்டு ஓடும். அதற்காக எல்லோரும் காதுமருந்துப் போத்தில் ஒன்றில் பெற்றோலைப் பொன்போலப் பொத்தி வைத்திருப்பார்கள். பற்றரியும் தடை என்றபடியால், சொட்டு விட்ட கையோடு முன்னால் ஓடிப்போய் இரும்புக் கம்பியைச் செருகிச் சுழற்றவேண்டும். எங்கள் போத்திலில் அன்று முக்கால்வாசி இருந்தது. பத்துத் தரம் கிளப்பலாம் என்றார். நான் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சரிதான்.

விடிய எழும்பிப் பிள்ளைக்கு வயிறு முட்டப் பால் கொடுத்தேன். பொழுதுபட முன்னம் வந்துவிடுவோம் என்று அக்காவிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். "நீதான் வாறனி. எனக்கேன் சொல்லுறாய்?" என்று அவள் சிரித்தாள். அவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலியைப் பிடித்தார். செய்தியில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றாலும் எனக்குப் பயம்தான்.

வீதியில் ஏறியதும் கோப்பாய் தாண்டி நீர்வேலி வந்தது. நான் குனிந்து சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். பிள்ளையை விட்டுவிட்டுக் கடல் பார்க்கப் போகிறோம் என்று மாமிக்குத் தெரிந்தால் தொலைந்தேன்.

"வானைத் தெரியாதோ அவைக்கு? நீர் குனிஞ்சு என்ன பிரயோசனம்?" என்றார் அவர்.

"நீங்கள் ரோட்டைப் பாத்து ஓடுங்கோ."

வல்லை வெளியில் இரண்டு பக்கமும் தண்ணீர் தேங்கி நின்றது. கூழைக்கடா, நீர்க்காகம், கறுப்பும் வெள்ளையுமாகக் குச்சிக்கால் பறவைகள் என்று அவர் ஒவ்வொன்றாய்ப் பேர் சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஆமியின் பிளேன் எழும்புகிற பலாலிப் பக்கத்து வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாலம் ஒடுங்கி இருந்தது. இவ்வளவு ஒடுங்கிய பாலத்தை அடைக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யோசித்தேன்.

மணற்காட்டு மணல்மேடுகளைக் கடந்து கிறவல் ஒழுங்கையால் உலுங்கி உலுங்கி நாகர்கோவிலை நெருங்கியபோது இயக்கத்தின் காவல் சென்றியில் மறித்தார்கள். நின்றவன் மீசை அரும்பிய பெடியன். வானுக்குள் எட்டிப் பார்த்தவன் பலகையைக் கண்டு பின்வாங்கினான்.

"உது என்ன?"

அவர் விளக்கினார். அலை வரும்போது படுத்திருந்து, பிறகு எழும்பி நின்று, கரைவரைக்கும் ஓடுவது என்று கையாலும் காட்டினார். பெடியன் அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். தமாஷ் பண்ணுகிறோம் என்று நினைத்திருப்பான்.

"உதுக்காகவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

"ஓம்."

"சரி, கனதூரம் உள்ளுக்கை போகாதேங்கோ. ஏதோ மிதக்குது எண்டு எங்கடை ஆக்களும் சுடுவினம், அவங்களும் சுடுவாங்கள்."

"திருப்புங்கோ வானை" என்றேன். அவர் கேட்காத மாதிரி ஓட்டினார்.

அந்த இடத்தில் நிலம் ஒரு ஒடுங்கிய நாடா. மேற்கே களப்பு, கிழக்கே பெருங்கடல். முதலில் களப்புப் பக்கம் போனோம். சும்மா சொல்லக்கூடாது, பூநாரைகள் நின்றன. தண்ணீரின் நடுவே நீளத்துக்கு வெளிறிய ரோசாநிறம். தலையைக் கவிழ்த்துச் சேற்றை அளைந்துகொண்டு, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, தாராக் கூட்டம் போல ஒரே இரைச்சல். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கலியாணம் ஆன புதிதில்கூட வெளியிடத்தில் கையைப் பிடிக்காத மனிசன்.

"எல்லாம் எங்கையிருந்தோ வருகுதுகள். பாஸ் எடுக்கிறேல்லை, ஒருத்தரையும் கேக்கிறேல்லை" என்றார்.

"வடிவுதான். இனிக் கடலைப் பாத்திட்டுக் கெதியாய் வெளிக்கிடுவம்" என்றேன். எனக்கு அப்போதே நெஞ்சு பாரிக்கத் தொடங்கியிருந்தது. வழமையாகப் பிள்ளை இரண்டாந்தரம் குடிக்கிற நேரம்.

கடற்கரையில் பனங்கூடலுக்குப் பக்கத்தில் வானை நிறுத்தினார். நாலைந்து குடிசைகள், வலை உணக்குகிற பெண்கள், மணலில் ஏற்றிவிட்ட வள்ளங்கள். அலை என் கண்ணுக்கு வீட்டுக் கூரையளவு தெரிந்தது. அவருக்கு அந்த உயரம் காணாது போலும், நாடியைத் தடவிக்கொண்டு நின்றார். நான் நிழல் தேடிப் பனையடியில் இருந்து கட்டிச்சோற்றை விரித்து வைத்தேன். அவர் வானின் பின்பக்கம் பலகையை இறக்கி வைத்துக்கொண்டு எதையோ துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாதி மெழுகுதிரி ஒன்றை எடுத்துப் பலகைமேல் பூசினார். கால் வழுக்காமல் இருக்க மெழுகு பூசுவார்கள் என்று முன்பு சொல்லியிருந்தார். எனக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. சோற்றில் மணல் விழுகிறது என்று கத்தினேன். வந்து நாலு வாய் அள்ளிப் போட்டுவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிவிட்டார்.

எனக்கு நீந்தத் தெரியாது. கரையில் நின்று பார்ப்பதைத் தவிர என்ன செய்ய? பலகைமேல் குப்புறப் படுத்துக் கையால் துழாவிக்கொண்டு போனார். ஒரு அலை வந்து அவரை மூடியது. ஐயோ என்றேன். அந்தப் பக்கத்தால் தலை தெரிந்தது. இன்னும் போனார். "காணும், போன தூரம் காணும்" என்று நான் கத்துகிறேன், அவருக்கு எங்கே கேட்கும். அடிவானத்தில் ஏதும் படகு தெரிகிறதா என்று பார்த்தேன். நேவிப் படகு அங்கே நிற்கிறதென்று பெண்களில் யாரோ சொன்னார்கள். எது, எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டுகிறார்கள்.

முதல் இரண்டு அலையிலும் விழுந்தார். மூன்றாவதில் எழும்பி நின்றார். வழுக்கல் தலையும் நரைத்த நெஞ்சுமயிரும் மடித்துக் கட்டிய சாரமுமாக, கால்களை அகட்டி, கைகளை விரித்து, அந்த மனிசன் தண்ணீர்மேல் ஓடி வந்தார். வலை உணக்கியவர்கள் எல்லோரும் கூவினார்கள். "மாஸ்ரர் கடலிலை நடக்கிறார் பாருங்கோடி!" என்றாள் ஒருத்தி. கரைக்கு வந்து விழுந்து எழும்பியபோது அவர் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். பல்லெல்லாம் தெரிந்தது. நானும் சிரித்தேன். உண்மையாக அந்த நேரம் பிள்ளையின் நினைவே எனக்கு இருக்கவில்லை.

"இன்னும் ஒண்டு" என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்ப உள்ளே போனார்.

அப்போதுதான் தெற்கே வெடித்தது. டும். கொஞ்சம் விட்டு இன்னொன்று. பிறகு அடுக்கடுக்காக.

தெற்கே வெற்றிலைக்கேணியில் ஆமிக் காம்ப். அதற்குமேல் ஒருவரும் ஒன்றும் யோசிக்கவில்லை. வலை உணக்கிய பெண்கள் வலையை விட்டுவிட்டு ஓடினார்கள். ஒருத்தி கிடந்த பிள்ளையைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு பனங்குற்றி அடுக்கிய பங்கருக்குள் குதித்தாள். "தொடங்கிட்டாங்கள், தொடங்கிட்டாங்கள்" என்று ஒரே குரல். நான் நிலத்தில் விழவில்லை. நேரே கடலுக்குள் ஓடினேன். சேலை காலைப் பிணைந்தது, அலை இடுப்பில் அடித்தது, உப்புத் தண்ணீர் வாய்க்குள் போனது. "இஞ்சருங்கோ! வாங்கோ! பிள்ளை!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பிள்ளை, பிள்ளை என்ற ஒரு சொல்தான் வாயில் வந்தது. அவர் என்னைக் கண்டு திரும்பினார். அலையோடு வந்து பலகையை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார்.

வானுக்கு ஓடினோம். நான் முன் இருக்கையில் ஏறிவிட்டேன். அவர் ஏறவில்லை. இயந்திர மூடியைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார்.

"என்ன நிக்கிறியள்? சொட்டை விட்டுச் சுத்துங்கோவன்!"

அவர் காதுமருந்துப் போத்திலைத் தூக்கிக் காட்டினார். அது வெறும் போத்தில்.

"எங்கை பெற்றோல்?"

"பலகையிலை பழைய மெழுகு மண்ணோடை இறுகிப்போய்க் கிடந்தது. அதுக்கு மேலை புது மெழுகு பிடிக்காது. மண்ணெண்ணெய் போட்டால் வழுக்கும். பெற்றோல்தான் காயும். ரண்டு சொட்டு எண்டுதான் நினைச்சன்..."

"முழுக்கவோ?"

"திரும்பிப் போக வைச்சிருந்தனான். மூடியை இறுக்கேல்லைப் போலை. சரிஞ்சு கிடந்து ஊத்துப்பட்டுட்டுது."

என் வாயிலிருந்து என்னென்ன வந்தது என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கோதாரி விழுந்த பலகை என்றேன், நாசமாய்ப் போன வெள்ளைக்காரன் என்றேன். "நீங்களும் ஒரு தேப்பனோ?" என்றும் கேட்டேன். அவர் கம்பியைச் செருகிச் சுழற்றினார். வெயிலில் கிடந்த இயந்திரம்தானே, ஒருவேளை பற்றும் என்ற நப்பாசை. அது ஒரு செருமல் செருமிவிட்டு ஓய்ந்தது. திரும்பச் சுழற்றினார். கை கொப்பளித்துத் தோல் உரியும்வரை சுழற்றினார். தள்ளிப் பார்க்கலாமென்றால் சில்லு மணலில் அசையவில்லை.

நான் இறங்கி நடக்கத் தொடங்கினேன். ஈரச் சேலையோடு, செருப்பும் இல்லாமல், வடக்குப் பார்த்து. நல்லூர் எங்கே, நாகர்கோவில் எங்கே. ஆனால் இருக்க முடியவில்லை. வல்லைப் பாலத்தை மூட முன்னம் அந்தப் பக்கம் போய்விடவேண்டும், அவ்வளவுதான் என் தலைக்குள் இருந்தது. அவர் பின்னால் ஓடிவந்து மறித்தார், தள்ளிவிட்டேன்.

எதிரே சைக்கிளில் வந்த ஒரு மனிசன்தான் என்னை நிறுத்தினார். "எங்கை பிள்ளை ஓடுறாய்? சண்டையுமில்லை கிண்டையுமில்லை. தெற்காலை மாதா கோயிலிலை கொடியேத்தம். அஞ்சு வருசத்துக்குப் பிறகு வெடி கொளுத்திறாங்கள், கண்டறியாத வெடி" என்று சொல்லித் துப்பிவிட்டு, பங்கர்ப் பக்கம் பார்த்து, "வெளியாலை வாங்கோடி! மாதாவுக்கு வெடி!" என்று கத்திக்கொண்டு போனார்.

பெண்கள் ஒவ்வொருவராக மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒருத்தி சிரிக்கத் தொடங்க எல்லோரும் சிரித்தார்கள். வருசம் வருசமாய்க் கொடியேற்றத்துக்கு வெடி கேட்டு வளர்ந்த சனம், அதே வெடிக்குப் பங்கருக்குள் பாய்ந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு என்றுதான் தோன்றியது. இனியும் வான் கிளம்பாது. பொழுது சாய்கிறது. பிள்ளை காலையில் குடித்ததுதான்.

அப்போதுதான் என் சட்டை நனைந்திருப்பதைக் கண்டேன். கடல்தண்ணீர் என்றால் காய்ந்திருக்கவேண்டும். பால் வழிந்துகொண்டிருந்தது. நெஞ்சு கல்லாக இறுகி, கையை அசைக்க முடியாத நோ. நான் அந்த மணலிலேயே குந்தி இருந்து அழுதேன்.

பங்கருக்குள் குதித்தவர்களில் வயதான ஒரு பெண் கிட்ட வந்தாள். என்னைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள்.

"பிள்ளை ஆரோடை நிக்குது?"

"அக்காவோடை. நல்லூரிலை. போத்தில் எடுக்காது அம்மா, ஒண்டும் எடுக்காது."

"உப்பிடியே விட்டால் காய்ச்சல் வந்திடும். வா இஞ்சாலை."

கிடுகுவேலிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், பாலைப் பீச்சி விடு என்றாள். எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை அங்கே பசித்துக் கிடக்க, இங்கே மண்ணில் ஊற்றுவதா? "மண்ணிலை ஊத்தினால்தான் பிள்ளைக்குத் திரும்பச் சுரக்கும். விடு" என்று அதட்டினாள். பீச்சினேன். சூடாக மணலில் விழுந்து உடனேயே இல்லாமல் போயிற்று. அந்தம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், யாரும் வராமல் காவல் மாதிரி. பிறகு, "உதைப் பாத்துக்கொண்டு நிக்க ஏலாதடி அம்மா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு வந்தபோது அவள் ஒரு வள்ளத்தின் நிழலில் முழங்காலில் நின்று கையால் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து துணி சுற்றிய சிறிய போத்தில் ஒன்று வந்தது. வள்ளத்து எஞ்சினையும் அவர்கள் எங்களைப் போல சொட்டு விட்டுத்தான் கிளப்புவார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடலில் எஞ்சின் நின்றால், நேவி துரத்தினால், இந்தச் சொட்டுத்தான் அவர்களுடைய உயிர்.

"என்ரை மனிசனுக்குத் தெரிஞ்சால் என்னை வெட்டிப் போடுவார். அது தெரிஞ்ச பிறகுதானே" என்று என் மனிசனிடம் அதை நீட்டினாள். "முழுக்க எடுக்காதை தம்பி. பாதி விடு."

அவர் தன் போத்திலுக்குள் பாதியைச் சொட்டுச் சொட்டாக மாற்றினார். மிச்சத்தைத் துணியில் சுற்றி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். பிறகு கரையில் ஒதுங்கிக் கிடந்த பலகையைத் தூக்கி வந்து அவள் காலடியில் வைத்தார். அதை ஒருவரும் கேட்கவில்லை.

"உதை வைச்சு நாங்கள் என்னத்தையப்பா செய்யிறது?"

"தெரியாது அம்மா. வைச்சிருங்கோ."

அவள் பலகையைக் கையால் தட்டிப் பார்த்தாள். "கருவாடு காயப்போடலாம்" என்றாள்.

வான் முதல் சுற்றிலேயே பற்றியது. பெண்கள் எல்லோரும் பின்னால் நின்று தள்ளி மணலிலிருந்து ஏற்றிவிட்டார்கள். "இனி வீடு போகுமட்டும் நிப்பாட்டக்கூடாது" என்றேன். "ஓம்" என்றார். நீர்வேலிவரை நாங்கள் கதைத்தது அவ்வளவுதான். சென்றியில் பெடியன் மறித்தபோதும் இயந்திரத்தை உறும விட்டபடியே கையைக் காட்டிவிட்டு வந்தோம். நெல்லியடியில் மாட்டுவண்டி குறுக்கே நின்றது, நான் தலையை வெளியே நீட்டிச் சண்டைக்காரி போல ஏசினேன். வல்லை வெளியில் வெயில் சிவந்து தண்ணீரில் கிடந்தது. பறவைகள் நின்றனவா என்று எனக்குத் தெரியாது. பாலம் திறந்திருக்கிறது, அவ்வளவுதான் கண்டேன்.

நீர்வேலியில் மாமனார் வாழைக்குலை ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வீதியோரம் நின்றார். வானைக் கண்டதும் கையைத் தூக்கி மறித்தார்.

"நிப்பாட்டாதேங்கோ."

"அப்பு மறிக்கிறார்."

"ஆர் மறிச்சாலும் நிப்பாட்டாதேங்கோ!"

குலையோடு அவர் வாய்பிளந்து நிற்க, மண்ணெண்ணெய்ப் புகையை அவர் முகத்தில் விட்டுக்கொண்டு போனோம். இன்னொரு நாளென்றால் அதை நினைத்து நினைத்துச் சிரித்திருப்போம்.

பொழுது படுகிற நேரம் வீட்டுப் படலையடியில் வான் நின்றது. அது நிற்க முன்னமே நான் குதித்துவிட்டேன். அழுகைச் சத்தம் கேட்கவில்லை. அழுது அழுது குரல் போய்விட்டது, மயங்கிவிட்டது, என்னவோ நடந்துவிட்டது என்று என் மனம் ஓடியது. "அக்கா! அக்கா!" என்று கத்திக்கொண்டு உள்ளே போனேன்.

அக்கா முன்விறாந்தையில் பாயில் கால் நீட்டி இருந்தாள். பிள்ளை அவள் மடியில். அக்காவின் கையில் கரண்டி, பக்கத்தில் கிண்ணத்தில் அரிசிமாக் கஞ்சி. கரண்டி கிட்ட வர என் பிள்ளை குருவிக்குஞ்சு போல வாயைத் திறந்தாள், வாங்கினாள், நாடியில் வழிய விட்டுக்கொண்டு அக்காவைப் பார்த்துச் சிரித்தாள்.

"வந்திட்டியே? காலமை கொஞ்ச நேரம் அழுதாள்தான். பிறகு பசி வர வாங்கிட்டாள். பார், ரண்டாம் கிண்ணம்" என்றாள் அக்கா, பெரிய புளுகத்தோடு.

நான் கையை நீட்டினேன். பிள்ளை என்னைப் பார்த்தாள். உப்பும் மண்ணெண்ணெயும் மணக்க, தலை விரிந்து, கண் வீங்கி நின்ற என்னை ஆர் இது என்று பார்த்தாள். பிறகு திரும்பி அக்காவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

வழி முழுக்க நான் பயந்தது, நான் வராவிட்டால் இந்தப் பிள்ளை செத்துப்போகும் என்று. அவள் சாகமாட்டாள். காலையில் கொஞ்ச நேரம் அழுவாள், பிறகு வாயைத் திறப்பாள். அது எனக்கு எவ்வளவு ஆறுதலோ அவ்வளவு வேதனை. எது எவ்வளவு என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. பால் மறுபடி சுரந்து சட்டையை நனைத்தது.

"எண்ணெய் மணம் பிடிக்கேல்லையாக்கும், கால்முகம் கழுவிட்டு வா. பிறகு உன்னட்டை வருவாள். நீ குடு" என்று அக்கா பிள்ளையை என் பக்கம் திருப்பப் பார்த்தாள்.

வெளியே அவர் வானை நிறுத்திவிட்டு, தோல் உரிந்த கைகளைப் பார்த்துக்கொண்டு படலையில் நின்றார். தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். சமாதானமாகத்தான் இருந்தது. அந்தச் சமாதானம் சித்திரைவரை இருந்தது.

"வேண்டாம் அக்கா" என்றேன். "நீங்களே பருக்குங்கோ. நாளைக்கும் நீங்களே பருக்குங்கோ. நான் இல்லாமல் பழகட்டும்."

சொல்லிவிட்டு, பிள்ளை என்னைக் கண்டு அழாதபடி, கிணற்றடிக்குப் போனேன்.